விலை சொல்லாத நாக்கு

குன்னூரில் ஒருவர் சர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சிக் குடித்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். டீ டேஸ்டராக இருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். குடித்ததை விழுங்காமல் துப்பினால் மரியாதை இன்னும் கூடும். சீனியர் டேஸ்டர் போலிருக்கிறது என்பார்கள். பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஒரு கல்யாணப் பந்தியில் இதே வித்தையைக் காட்டிப் பாருங்கள். இலையோடு சேர்த்து உங்களையும் எடுத்துவிடுவார்கள்.

என் பெரியப்பா இந்த மலை மரியாதையை முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவித்தவர். தேயிலை புரோக்கர் கம்பெனி ஒன்றில் டேஸ்டர். குன்னூர் தேயிலை ஏலம் 1963-இல் தொடங்கியது. வாராவாரம் வியாழனும் வெள்ளியும் ஏலம். அதற்கு வரும் ஒவ்வொரு லாட்டையும் முன்கூட்டியே ருசி பார்த்து, ‘இது கிலோ இவ்வளவுக்குப் போகும்’ என்று எழுதித் தருவது பெரியப்பாவின் வேலை. அதாவது, நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே சொல்ல வேண்டும். கிளி ஜோசியருக்கும் இதே வேலைதான், ஆனால் அவரிடம் யாரும் திரும்பி வந்து கணக்குக் கேட்பதில்லை.

சின்ன வயதில் லீவுக்கு வந்தபோது அந்த டேஸ்டிங் ரூமுக்குள் ஒருமுறை விட்டார்கள். ஜன்னலை ஒட்டி நீளமான மேடை. அதன் மேல் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் ரயில் பெட்டி போல வரிசையாக. ஒவ்வொரு கோப்பையும் வாயில் சின்னச் சின்னப் பல் வெட்டியது. மூடி போட்டு, குழிவான கிண்ணத்தின் மேல் படுக்கவைத்தால் சாயம் மட்டும் பல்லிடுக்கு வழியாகக் கிண்ணத்தில் இறங்கும். வெந்த இலையை மூடியைத் திருப்பிப் போட்டு அதன் மேல் கொட்டிவைப்பார்கள். முன்னால் காய்ந்த தூள், நடுவில் வெந்த இலை, பின்னால் சாயம். குற்றவாளி, சாட்சி, வாக்குமூலம் மூன்றும் ஒரே இடத்தில்.

பெரியப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு வருவார். இடுப்பு உயரத்தில், சக்கரம் வைத்த எச்சில் தொட்டி ஒன்றை முழங்காலால் தள்ளிக்கொண்டே நடப்பார். கரண்டியில் எடுப்பார், சர்ர்ர்ர், நாக்கில் ஒரு உருட்டு, தொட்டியில் துப்பு, ஒரு வார்த்தை. பின்னால் வரும் குமாஸ்தா அந்த வார்த்தையை எழுதுவார். அடுத்த கோப்பை. ஒரு நாளில் சில நூறு கோப்பைகள். அந்தச் சத்தம் அநாகரிகம் அல்ல, தொழில்நுட்பம். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் சாயம் பூந்தூறலாகச் சிதறி, வாசனை தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும். நாக்குக்குத் தெரிந்தது புளிப்பு, கசப்பு, இனிப்பு என்று விரல்விட்டு எண்ணுகிற ருசிகள்தான். மிச்சப் பெருமையெல்லாம் மூக்குக்குச் சேர வேண்டியது.

ருசி பார்ப்பதற்காக டீ போடுவதற்கு ஒரு சர்வதேச விதியே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103 என்று. நூறு மில்லி வெந்நீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம். பிரிட்டிஷ்காரர்கள் இதையே பி.எஸ். 6008 என்ற பெயரில் ஆறு பக்கத்துக்கு எழுதிவைத்தார்கள். 1999-இல் அதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், இலக்கியப் பிரிவில். எங்கள் குன்னூர் பெட்ஃபோர்டு பஸ் ஸ்டாப்பில் டீ மாஸ்டர் ஒருவர் இதே காரியத்தை ஒரு கை ஆகாயத்திலும் ஒரு கை பாதாளத்திலுமாக அரை நிமிடத்தில் முடிக்கிறார். அவருக்கு எந்தப் பிரிவிலும் பரிசு இல்லை.

பெரியப்பாவின் சொல்வளம் சிறியது, கறாரானது. நல்ல சாயம் என்றால் ‘பிரைட்’, ‘பிரிஸ்க்’. நாக்கைத் தட்டி எழுப்பாமல் தூங்கினால் ‘ஃப்ளாட்’. சாக்கு வாடை அடித்தால் ‘பேக்கி’. டிரையரில் சூடு கூடிப்போனால் ‘ஹை ஃபயர்ட்’. ‘ஃப்ரூட்டி’ என்றால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இலை பதம் தவறிப் புளித்து, கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃபேக்டரியைக் கழுவச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். பழைய சரக்குக்கு ‘கான் ஆஃப்’. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

இந்த மொழியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் பிரச்சினை இல்லை. என் அண்ணனுக்குப் பெண் பார்க்க அருவங்காடு போனபோது அந்த வீட்டில் டீ கொடுத்தார்கள். பெரியப்பா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பழக்கதோஷத்தில், “ஹை ஃபயர்ட்” என்றார். பெண்ணின் அப்பா பதறிப்போய், “அதெல்லாம் இல்லீங்க, சாதுவான பொண்ணுங்க, கோவமே வராது” என்றார். அந்தச் சாதுவான பெண்தான் எங்கள் அண்ணி. பெரியப்பாவின் மதிப்பீடு தவறியதே இல்லை என்று அண்ணன் இன்றும் சொல்வான், அண்ணி பக்கத்தில் இல்லாதபோது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு டிசம்பரில் என் மச்சான் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்து இறங்கினான், கையில் ஒரு பாட்டிலோடு. ஒரு ஆள் இந்தியாவுக்குள் தீர்வை இல்லாமல் இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம். அவன் முக்கால் லிட்டர்தான் கொண்டுவந்திருந்தான், ஆனால் அதைச் சுற்றியிருந்த கம்பளியும் பேச்சும் இருபது லிட்டர் தேறும். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் விளைந்த ரீஸ்லிங் திராட்சை, வெள்ளை ஒயின், 1998-ஆம் வருஷத்து அறுவடை. “அத்தான், இது சரக்கு இல்ல, சரித்திரம்” என்றான்.

சரித்திரத்தை உடனே திறக்கக் கூடாதாம். பயணக் களைப்புத் தீர வேண்டுமாம். பழைய ஒயினுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி குளிரும் லேசான ஈரமும் வெளிச்சமின்மையும் வேண்டும். ஐரோப்பாவில் இதற்காகப் பூமிக்கடியில் குகை வெட்டுகிறார்கள். மச்சான் எங்கள் மாடிப்படிக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் பரவசமானான். “இந்த வீடே ஒரு செல்லார்தான், அத்தான்!” முப்பது வருஷமாகச் சுவரில் பூஞ்சை ஏறுகிறது என்று பெரியம்மா புலம்பிக்கொண்டிருந்த இடம் அது. பாட்டிலை அங்கே உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்துப் படுக்கவைத்தான். தலைகுந்தாவில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்திருந்த வாரம் அது. வீட்டிலேயே சுகமாகத் தூங்கிய ஒரே ஜீவன் அந்த பாட்டில்.

காத்திருந்த நாட்களில் எங்களுக்குப் பாடம் நடந்தது. வெள்ளை ஒயினில் பெரும்பாலானவை வாங்கிய சூட்டோடு குடிக்க வேண்டியவை. புளிப்பும் சர்க்கரையும் தேவையான அளவு உள்ள சிலது மட்டும்தான் பல வருஷம் தாங்கும். ரீஸ்லிங் அந்த ஜாதி. வயதாக ஆகச் சிவப்பு ஒயின் வெளுக்கும், வெள்ளை ஒயின் கறுக்கும். பிரான்சின் ஷாட்டோ டிகெம் என்ற தோட்டத்தின் 1811-ஆம் வருஷத்து வெள்ளை ஒயின் ஒரு பாட்டிலை, 2011-இல் கிறிஸ்டியான் வானெக் என்பவர் 75,000 பவுண்டுக்கு வாங்கினார். இருநூறு வயசு!

“குடிச்சாரா?” என்று பெரியம்மா கேட்டார்.

“அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா வெச்சாரு அத்தை.”

“அப்ப டேஸ்ட் நல்லாத்தான் இருந்திருக்கும்” என்று பெரியம்மா முடித்துவைத்தார்.

எங்களை அசத்தியது இன்னொரு தகவல். நன்றாக முதிர்ந்த ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசனை வருமாம். திராட்சைக்குள் இருக்கும் ஒரு பொருள் வருஷக்கணக்கில் சிதைந்து டி.டி.என். என்ற வேதிப்பொருளாக மாறும். அதன் வாசனை மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் நடுவில் இருக்கும். ரசிகர்கள் அதைத் தேடிப் பணம் கொடுத்து முகர்கிறார்கள். டீயில் பழ வாசனை வந்தால் குற்றம், பழத்தில் பெட்ரோல் வாசனை வந்தால் பெருமை. பெரியம்மா ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்ற காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார். அவ்வளவு உயர்ந்த வாசனையை அரசாங்கம் மானிய விலையில் கொடுத்திருக்கிறது. அருமை தெரியாமல் அடுப்பில் ஊற்றியிருக்கிறோம்.

ஐரோப்பிய ஒயின் நமக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல என்பதை மச்சானுக்குச் சொல்லிவைத்தேன். புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் வாங்கி நாள்தோறும் பருகி இன்புற்றிரு என்கிறார். அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, அந்த மது வந்த ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. முதிர்ந்த மதுவும் நமக்குப் புதிதல்ல. நக்கீரர் பெயரில் உள்ள திருமுருகாற்றுப்படையில் மலைக்குறவர்கள், மூங்கில் குழாயில் நெடுநாள் வைத்து முதிரவிட்ட தேன்கள்ளைச் சுற்றத்தோடு குடித்துக் குரவை ஆடுகிறார்கள்.

கவனியுங்கள், இவர் நக்கீரர். சிவபெருமான் எழுதிக்கொடுத்த பாட்டிலேயே குற்றம் கண்டுபிடித்தவர் என்று கதை உள்ள மனிதர். தமிழ்நாட்டில் தீர்ப்பு வழங்க அவரைவிடத் தகுதியான ஆள் பிறந்ததில்லை. அவரே யவன மதுவைப் பற்றிச் சொன்னது இரண்டே விஷயம்: குளுமையாக இருக்கிறது, மணமாக இருக்கிறது. மூங்கில் மதுவைப் பற்றிச் சொன்னது ஒன்று: நெடுநாள் முதிர்ந்தது. வேறு வியாக்கியானம் இல்லை. பாட்டில் குற்றம் பார்த்த வாய், பானம் வந்ததும் அடக்கமாகிவிட்டது.

மச்சான் அடங்குகிற ரகமில்லை. பாட்டிலைத் திறக்கும் நாள் வந்தது. கார்க் பாதியில் முறிந்தது. மீதியை மகப்பேறு டாக்டர் பொறுமையோடு அவன் வெளியே எடுக்க, நாங்கள் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கூடவே கொண்டுவந்த காம்பு வைத்த கிளாஸில் ஊற்றினான். செக்கு நல்லெண்ணெயின் நிறத்தில் இருந்தது. சுழற்றினான், மூக்கை உள்ளே விட்டான், கண்ணை மூடினான்.

“முதல்ல பெட்ரோல். பின்னாடி தேன்மெழுகு. எலுமிச்சைத் தோல். அப்புறம் ஈரச் சிலேட்டு…”

மோசெல் சரிவுகளில் மண்ணே சிலேட்டுக்கல்தானாம். எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்து வளர்ந்த எங்களுக்கு அந்த வாசனையில் பரிச்சயம் உண்டு. அதைக் குடிக்கலாம் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

“…கடைசியில,” மச்சான் கண்ணைத் திறந்தான், “ஒரு சோகம்.”

கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியப்பா எழுந்து போய், ரிட்டையரானபோது கம்பெனியில் கொடுத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தையும் கரண்டியையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்தார்.

“மாமா, ஒயினைப் பீங்கான்ல ஊத்தக் கூடாது.”

“வெள்ளைப் பீங்கான்லதாம்ப்பா நெறம் பொய் சொல்லாது” என்று சொல்லி, நாலு கரண்டி அளவு வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். கிண்ணத்தைச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தார். சர்ர்ர்ர். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வாஷ்பேசினில் துப்பினார்.

“புளிப்பு நிக்குது. பழம் போயிருச்சு. கார்க் வழியாக் காத்துப் பட்டிருக்கு. இனிமே ஏறாது, எறங்கும். என்ன வெலை?”

“தொண்ணூறு யூரோ, மாமா.”

“அம்பத்தஞ்சு.”

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒயினுக்கு அப்படியெல்லாம் வெலை சொல்ல முடியாது மாமா. இது ஒரு அனுபவம்.”

“வெலை சொல்லாத நாக்கை வெச்சுக்கிட்டு என்னப்பா பண்றது? சாப்பிடத்தான் ஆகும்.”

அன்றிலிருந்து நான் யோசித்து வருகிறேன். பெரியப்பா ‘ஃப்ளாட்’ என்று சொல்லி ஒரு லாட்டுக்கு விலையைக் குறைத்து எழுதினால், அது வெள்ளிக்கிழமைக்குள் ஏலத்தில் தெரிந்துவிடும். கூடப் போனால் எஸ்டேட் மேனேஜர் போனில் கேட்பார். குறைந்து போனால் நேரிலேயே வருவார். அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஜாமீன் கட்ட வேண்டும். அதனால்தான் சொற்கள் குறைந்துபோயின. மச்சான் சொன்ன ‘சோகம்’ எந்த ஏலத்துக்கும் போகாது. அதை யாரும் இல்லையென்று நிரூபிக்க முடியாது. ஜாமீன் கேட்காத இடத்தில் சொல் பெருகத்தான் செய்யும். மேடைப் பேச்சும் ஜாதகப் பொருத்தமும் அப்படித்தானே பெருகின.

ஒயின்காரர்களிடம் ஜாமீன் கேட்டுப் பார்த்ததும் உண்டு. 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரான்சின் போர்தோவில் ஒயின் கலை படித்த 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினிலேயே வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களைத் தேடித் தேடிச் சூட்டினார்கள் மாணவர்கள். கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற பேராசிரியர், போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டில் ஒயினை மூன்று தடவை, மூன்று வேறு ஒயின் போல நடுநடுவே அனுப்பினார். பத்தில் ஒருவர்தான் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டார். 1976 மே மாதம் பாரிஸில் கண்ணுக்குத் தெரியாமல் லேபிளை மறைத்து நடத்திய போட்டியில், பிரெஞ்சு நடுவர்கள் வெள்ளை ஒயினில் முதலிடம் கொடுத்தது கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்டெலேனா 1973-க்கு. நடுவர் ஒருவர் கலிபோர்னியா ஒயினைக் குடித்துவிட்டு, அப்பாடா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்று நிம்மதிப்பட்டதை அங்கிருந்த பத்திரிகையாளர் ஜார்ஜ் டேபர் எழுதியிருக்கிறார். அந்த நடுவர்களில் இன்னொருவர் யார் என்கிறீர்கள்? இருநூறு வயது பாட்டிலைப் பின்னாளில் வாங்கிய அதே வானெக்தான்.

இதையெல்லாம் மச்சானிடம் ஒப்பித்தேன். அவன் விட்டுக்கொடுக்கவில்லை. “சரி அத்தான், உங்க டீக்கு மட்டும் நாக்கு நியாயம் பண்ணுதா?” என்றான்.

அது கொஞ்சம் தைத்தது. 2006-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. உறைபனிக் காலத்தில் செடி மெதுவாகத் துளிர்க்கும்போது கிள்ளிய கொழுந்துக்கு அப்படி ஒரு மணம் உண்டு. ஆனால் இந்த மலையில் விளைவதில் பெரும்பங்கு சி.டி.சி. எனப்படும், மெஷினில் நசுக்கி உருட்டிய தூள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி தன் பச்சைத் தேயிலையைச் சாக்கில் கட்டி லீஃப் ஷெட்டில் கொண்டுபோய்ப் போடுகிறார். அங்கே தராசு உண்டு, நாக்கு கிடையாது. எல்லார் இலையும் ஒன்றாகக் கலந்து மெஷினுக்குள் போகிறது. மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலை அவருக்கு. கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-இல் படுகர் ஊர்க்காரர்கள் தொடர் உண்ணாவிரதமே இருந்தார்கள். பெரியப்பாவின் கறாரான நாக்கு ஃபேக்டரி வாசலோடு நின்றுவிட்டது. விலை சொல்லத் தெரிந்த நாக்கு, யாருக்கு விலை என்று கேட்டதில்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “எங்கிட்ட வந்தது கோப்பைதான். தோட்டம் வரலை” என்றார். பிறகு, எழுதிவைத்துக்கொள் என்பதுபோல், “ஃபேர்” என்றும் சொன்னார். அது பாராட்டா, நடுத்தரச் சரக்கு என்ற மதிப்பீடா என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. கறுப்புத் தேயிலை ஒரு வருஷத்தில் வாசனை இழந்துவிடும், சரி. ஆனால் வெள்ளைத் தேயிலை? மொட்டை மட்டும் கிள்ளி, உருட்டாமல் நசுக்காமல் வாடவைத்துக் காயவைப்பது. சீனாவில் ஃபூடிங் பக்கம் அதை முதிரவைத்தே விற்கிறார்கள். முதல் வருஷம் தேநீர், மூன்றாம் வருஷம் மருந்து, ஏழாம் வருஷம் பொக்கிஷம் என்று அங்கே ஒரு பேச்சு. நீலகிரியிலும் சில தோட்டங்கள் ‘சில்வர் டிப்ஸ்’ என்று அதைச் செய்கின்றன. மச்சான் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, தகர டப்பாவில் அடைத்து, தேதி எழுதி ஒட்டினான். மாடிப்படிக்குக் கீழே உருளைக்கிழங்கு பக்கத்தில் வைக்கப் போனவனைப் பெரியப்பா தடுத்து, தேயிலை பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று சொல்லி, மேல் பரணில் ஏற்றச் சொன்னார்.

“மாமா, 2045-ல இதைத் திறக்கிறோம். நீங்கதான் டேஸ்ட் பண்ணணும்.”

பெரியப்பாவுக்கு அடுத்த மாதம் எண்பது. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வாயைக் குவித்து அதன் மேல் சூடாக ஒரு மூச்சு விட்டு, மூக்கைப் புதைத்து முகர்ந்தார்.

“கிலோ நாலாயிரம். எழுதிக்கோ.”

“இப்பவா, 2045-லயா?”

“2045-ல. ஒரு ரூபா குறைஞ்சாலும் நேரா வந்து எங்கிட்ட கேளு.”

“எங்க வந்து?” என்றார் பெரியம்மா, அடுக்களையிலிருந்து.